கிளைடரில் மோதல் எச்சரிக்கைக் கருவி: செலவுக்குத் தகுந்த பலன் உண்டா?
வாசகர் கேள்வி – பதில்

இன்ஜின் இல்லாமல் காற்றை நம்பிப் பறக்கும் விமானமான கிளைடரை ஓட்டும் வாசகர்களும் ஓட்டக் கற்பவர்களும் அனுப்பிய கேள்விகளில், மோதல் எச்சரிக்கை பற்றியவற்றை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டோம். இங்கே 'கருவி' என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் ஃபிளார்ம்தான். சுவிட்சர்லாந்தில் கிளைடர் ஓட்டிகளே சேர்ந்து உருவாக்கி 2004-ல் வெளிவந்தது. ஜிபிஎஸ்ஸையும் காற்றழுத்த உணரியையும் வைத்துத் தன் இடம், உயரம், அடுத்த சில நொடிகளில் போகப்போகும் பாதை ஆகியவற்றைக் கணக்கிடும். அதை நொடிக்கு ஒருமுறை சிறிய ரேடியோவில் அறிவிக்கும். அருகிலிருக்கும் மற்ற ஃபிளார்ம்கள் அறிவிப்பதைக் கேட்கும். இரண்டு பாதைகளும் மோதும்படி இருந்தால், சுமார் 20 நொடிக்குள் இருக்கும்போதே பீப் அடித்துத் திசை காட்டும்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் 10 கிளைடர்கள் உள்ளன. நான்கில் மட்டும் ஃபிளார்ம் இருக்கிறது. மீதி ஆறுக்கும் வாங்கலாம் என்றால், "நான்கில் இருப்பதே போதும், அந்தப் பணத்தில் டிரெய்லரைச் சரிசெய்யலாம்" என்கிறார்கள் சிலர். பொருளாளர் என்ற முறையில் என்ன பதில் சொல்வது?
– வாசகர், பர்மிங்காம்

முதலில் 'நான்கில் இருப்பதே போதும்' என்ற கணக்கைப் பார்ப்போம். அதில்தான் பிழை இருக்கிறது.

மோதல் என்பது இரண்டு விமானங்களின் விஷயம். ஆகவே எத்தனை கிளைடரில் கருவி இருக்கிறது என்று எண்ணக் கூடாது, எத்தனை ஜோடிகள் ஒன்றையொன்று கேட்கின்றன என்று எண்ண வேண்டும். 10 கிளைடர்களுக்குள் 45 ஜோடிகள் உண்டு. நான்கில் கருவி இருந்தால் அவற்றுக்குள் 6 ஜோடிகள்தான் தேறும். நூற்றுக்கு 40 கிளைடரில் கருவி, ஆனால் பாதுகாப்பு நூற்றுக்கு 13 ஜோடிக்கு மட்டும். ஏழில் பொருத்தினால் 21 ஜோடி, ஒன்பதில் 36, பத்திலும் பொருத்தினால் 45. முதல் கருவியால் சங்கத்துக்குள் கிடைக்கும் பலன் பூஜ்யம். பத்தாவது கருவி ஒன்றே 9 ஜோடிகளைக் கொண்டுவருகிறது. அதாவது நீங்கள் ஏற்கெனவே செலவழித்த நான்கு கருவியின் பணம் இப்போது மூன்றில் இரண்டு பங்கு தூங்கிக்கொண்டிருக்கிறது. மீதி ஆறை வாங்கினால்தான் அது விழிக்கும்.

இனிச் செலவு. எந்த மாடல், எந்தத் திரை என்பதைப் பொறுத்து விலை மாறும். பொருத்தும் கூலியும் ஆன்டெனாவும் சேர்த்து ஒன்றுக்கு 1,500 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறுக்கு 9,000 பவுண்டு. சங்கக் கிளைடர் ஒன்று ஆண்டுக்கு 150 மணி நேரம் பறக்கிறது, கருவி 10 ஆண்டு உழைக்கிறது என்றால், ஆறும் சேர்ந்து 9,000 மணி நேரம். மணிக்கு ஒரு பவுண்டு. உங்கள் சங்கத்தில் ஒரு விஞ்ச் ஏற்றத்துக்கு (தரையிலுள்ள இயந்திரம் கயிற்றால் இழுத்துக் கிளைடரை ஏற்றுவதற்கு) என்ன வாங்குகிறீர்கள் என்று பக்கத்தில் எழுதிக் கூட்டத்தில் காட்டுங்கள். தனியார் ஒருவர் ஆண்டுக்கு 40 மணி நேரம் மட்டும் பறந்தால் இதே கருவி மணிக்கு நான்கு பவுண்டுக்குப் பக்கத்தில் வரும். அவர் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. சங்கத்துக்கு இல்லை.

ஒரே தடவையில் முடியவில்லை என்றால் வரிசை முக்கியம். இழுவை விமானத்தை மறந்துவிடாதீர்கள். களத்துக்குப் பக்கத்தில் நாள் முழுக்க ஏறி இறங்கிக்கொண்டிருப்பது அதுதான். அடுத்து, பயிற்சிக்கான இரட்டை இருக்கைக் கிளைடர்கள். நாட்டுப்புறமெங்கும் நீண்ட தூரம் போகும் ஒற்றை இருக்கைக்காரர்கள்தான் முதலில் கேட்பார்கள். ஆனால் நெரிசல் களத்தைச் சுற்றித்தான் இருக்கிறது.

பிரிட்டனில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே சிறு விமானக்காரர்கள் பலர் பைலட்அவேர் என்ற வேறொரு எச்சரிக்கைக் கருவி வைத்திருக்கிறார்கள், வேறு சிலர் விமானத்தின் இடத்தைத் தானாக ஒலிபரப்பும் ஏடிஎஸ்-பி வைத்திருக்கிறார்கள். இவை சாதாரண ஃபிளார்மோடு நேராகப் பேசுவதில்லை. நிலத்திலுள்ள நிலையம் ஒன்று கேட்டு மறுபடி ஒலிபரப்பினால்தான் சில இடங்களில் தெரியும். அதனால் புதிதாக வாங்கும் கருவி ஏடிஎஸ்-பியையும் கேட்கக்கூடியதா என்று பாருங்கள். 2020-ல் பிரிட்டன் விமானத் துறை இத்தகைய கருவிகளுக்குப் பாதி விலை, அதிகபட்சம் 250 பவுண்டு திருப்பிக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இப்போது அப்படி ஏதும் நடப்பில் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

டிரெய்லர் பழுதும் தேவைதான். ஆனால் அது ஓர் ஆண்டு காத்திருக்கும்.

கேள்வி: என் பயிற்சியாளர், "கண்ணை வெளியே வை, கருவியை நம்பாதே" என்கிறார். கண் நன்றாகத் தெரிகிறவனுக்குக் கருவி எதற்கு?
– மாணவர், சூரிச்

உங்கள் பயிற்சியாளர் சொல்வது சரி. ஆனால் கண்ணின் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு கடுகை எடுத்து மூன்றரை மீட்டர் தள்ளி, வெள்ளைச் சுவரை ஒட்டி வையுங்கள். கடுகையும் வெள்ளையாகப் பூசிவிடுங்கள். நேர் எதிரே வரும் கிளைடரின் உடல் ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில் ஏறக்குறைய அந்த அளவுதான் தெரியும். உடலின் அகலம் 65 சென்டிமீட்டருக்குப் பக்கம். இறக்கை 15 மீட்டர் நீளம் என்றாலும், எதிரிலிருந்து பார்த்தால் ஒரு கோடு மட்டுமே. இரண்டு கிளைடர்களும் மணிக்கு 150 கிலோமீட்டரில் நேருக்கு நேர் வந்தால் நொடிக்கு 83 மீட்டர் நெருங்குகின்றன. ஒன்றரைக் கிலோமீட்டரைக் கடக்க 18 நொடி. ஒரு பொருளைப் பார்த்து, அது விமானம் என்று புரிந்து, மோதும் என்று தெளிந்து, கையை அசைத்து, விமானம் திரும்புவதற்கு மொத்தம் 12.5 நொடி ஆகும் என்று அமெரிக்க விமானத் துறையின் வழிகாட்டி கணக்கிடுகிறது. அந்தக் கணக்குப்படி கிளைடர் ஒரு கிலோமீட்டருக்கு வெளியே இருக்கும்போதே உங்கள் கண்ணில் பட்டாக வேண்டும்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. மோதப்போகும் விமானம் கண்ணாடியில் நகராது. நகர்கிற புள்ளியைத்தான் கண் சட்டென்று பிடிக்கும். மோதும் பாதையில் வருவது ஒரே இடத்தில் அழுக்குப் புள்ளி போல நின்று, கடைசி நான்கைந்து நொடியில் திடீரென்று பெருக்கும்.

2009 ஜூன் 14-ல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுஷயரில் விமானப்படையின் டியூட்டர் பயிற்சி விமானமும் ஒரு ஸ்டாண்டர்ட் சிரஸ் கிளைடரும் மோதின. டியூட்டரில் இருந்த இருவரும் இறந்தார்கள். கிளைடர் ஓட்டி பாராசூட்டில் தப்பினார். பட்டப்பகலில் நடந்தது.

கருவி உங்கள் கண்ணுக்கு மாற்று இல்லை. எந்தப் பக்கம் பார்ப்பது என்று சொல்லும் துணை அது. பீப் அடித்ததும் திரையை வெறிக்காதீர்கள். திசையையும் மேலா கீழா என்பதையும் ஒரு பார்வையில் வாங்கிக்கொண்டு தலையை வெளியே திருப்புங்கள். எதிராளியைக் கண்ணால் கண்ட பிறகு விலகுங்கள். கருவி இல்லாத விமானம், பறவை, பாராகிளைடர் எதையும் அது சொல்லாது என்பதால் உங்கள் பயிற்சியாளரின் பாடம் அப்படியே நிற்கிறது.

கேள்வி: ஓர் ஆண்டுக்கு முன் ஃபிளார்ம் பொருத்தினேன். நண்பர்களின் கிளைடர் ஒரு கிலோமீட்டருக்குள் வந்தால்தான் திரையில் தெரிகிறது. அவர்களுக்கு மற்றவர்கள் ஐந்து கிலோமீட்டரில் தெரிகிறார்கள். கருவி பழுதா?
– வாசகர், ஸ்டுட்கார்ட்

அநேகமாகக் கருவி நன்றாகவே இருக்கும். ஆன்டெனா இருக்கும் இடம்தான் பிழை. ஃபிளார்ம் வாங்கி ஏமாந்தேன் என்பவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் நடந்திருக்கும். ஆகவே விரிவாகவே சொல்கிறோம்.

ஒரு கிலோமீட்டர் ஏன் போதாது? நல்ல நாளில் மேக வரிசையின் கீழே இருவரும் மணிக்கு 200 கிலோமீட்டரில் எதிரெதிராக வந்தால், நெருங்கும் வேகம் நொடிக்கு 111 மீட்டர். 20 நொடி முன்னறிவிப்பு வேண்டுமானால் 2.2 கிலோமீட்டர் தொலைவிலேயே கேட்க வேண்டும். உங்கள் ஒரு கிலோமீட்டருக்கு 9 நொடிதான் கிடைக்கும். மேலே சொன்ன 12.5 நொடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பணம் முழுக்கச் செலவாகிவிட்டது, பலனில் பாதிகூட வரவில்லை.

முதலில் அளந்து பாருங்கள், ஊகிக்க வேண்டாம். ஃபிளார்ம் நிறுவனத்தின் இணையதளத்தில் வீச்சை ஆராயும் இலவச வசதி இருக்கிறது. கருவி பதிந்த ஐஜிசி கோப்புகளை (பறந்த பாதையின் பதிவுகளை), நிறையக் கிளைடர்கள் பறந்த நாட்களுடையதாகப் பார்த்து ஏற்றினால், எந்தத் திசையில் எவ்வளவு தூரம் கேட்கிறது என்று வட்டப் படமாகக் காட்டும். முன்பக்கம் பள்ளம் விழுந்திருந்தால் உடனே கவனிக்க வேண்டும். வலது பக்கம் மட்டும் குறைந்தால் அந்தப் பக்கம் ஏதோ மறைக்கிறது.

மறைப்பது எது? முதல் சந்தேகம் கார்பன் ஃபைபர். கண்ணாடியிழையில் செய்த உடலை ரேடியோ அலை சுலபமாகக் கடக்கும். கார்பன் அதற்குத் தகரச் சுவர் மாதிரி. உங்கள் கிளைடரின் மூக்கும் காக்பிட் ஓரமும் கார்பன் என்றால், கருவிப் பலகைக்குக் கீழே ஒளித்து வைத்த ஆன்டெனா கேனோப்பி என்னும் காக்பிட்டின் கண்ணாடி மூடி வழியாக மேலே மட்டும்தான் பார்க்கும். கீழேயும் முன்னேயும் குருடு. எந்தப் பகுதி எதனால் ஆனது என்று கிளைடரின் பராமரிப்புக் கையேட்டிலோ உற்பத்தியாளரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த சந்தேகம் நீங்களேதான். மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர், அது இந்த அலையை விழுங்கும். ஆன்டெனா உங்கள் முழங்கால்களுக்கு நடுவே இருந்தால் பின்பக்கம் எதுவும் தெரியாது.

சரியான இடம் பெரும்பாலும் கருவிப் பலகையின் மேல்மூடிக்கு மேலே, கேனோப்பிக்குக் கீழே. ஆன்டெனா செங்குத்தாக நிற்க வேண்டும். இடம் போதவில்லை என்று படுக்க வைத்தால் எதிராளியின் செங்குத்து ஆன்டெனாவோடு பொருந்தாது, வீச்சு பெரிதும் குறையும். உலோகத் தகடு, வயர்க் கட்டு, திசைகாட்டி, மற்ற ஆன்டெனா இவற்றிலிருந்து முடிந்தவரை தள்ளி வையுங்கள். ஒரு சாண் இடைவெளியாவது வேண்டும். கால் அலை நீளம் 868 மெகாஹெர்ட்ஸில் எட்டரை சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஆகவே குட்டை ஆன்டெனா என்று நினைத்து வைஃபை ரூட்டரின் குச்சியை எடுத்துச் செருகாதீர்கள். அமெரிக்காவில் ஃபிளார்ம் 900 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் வேலை செய்கிறது. அங்கிருந்து வாங்கிய ஆன்டெனாவும் இங்கே சரிப்படாது.

மூன்றாவது கேபிள். மெல்லிய ஆர்ஜி-174 கேபிள் இந்த அலைவரிசையில் மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபெல் தின்னும். ஆறு டெசிபெல் போனால் வீச்சு பாதியாகும். அதிகமாக இருக்கிறதே என்று இரண்டு மீட்டரைச் சுருட்டி வைத்திருப்பவர்கள் வெட்டிச் சுருக்குவது நல்லது. இணைப்பு முனையைக் கையால் திருகி, அதன்மேல் ஸ்பேனரில் இலேசாக ஒரு இறுக்கு போதும். முறுக்கித் திருகினால் நடுமுள் வளைந்து, வெளியே பார்க்க நன்றாக இருந்துகொண்டே உள்ளே தொட்டும் தொடாமலும் நிற்கும்.

இத்தனையும் செய்த பிறகும் கார்பன் உடலில் கீழ்ப்பக்கம் குருடாக இருந்தால் இரண்டாவது ஆன்டெனா வேண்டும். பவர்ஃபிளார்ம் வகைகளில் அதற்கு இடம் உண்டு. உடலுக்கு அடியில் வெளியே வைப்பது நல்ல பலன் தரும். ஆனால் துளை போடுவதற்கு முன் சான்றுபெற்ற பொறியாளரிடம் காட்டுங்கள். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈஏஎஸ்ஏவின் சிஎஸ்-ஸ்டான் விதித் தொகுப்பில் ஃபிளார்ம் பொருத்துவதற்கென்றே ஒரு நிலையான மாற்றம் இருக்கிறது. அதன்படி செய்து படிவம் 123-ஐ நிரப்பிப் பதிந்துவிட்டால் தனி அனுமதிக்கு அலைய வேண்டியதில்லை.

இன்னொன்று. உங்கள் ஆன்டெனா மோசமானால் உங்களுக்கு மட்டும் நஷ்டம் என்று நினைக்காதீர்கள். அதே ஆன்டெனாதான் அனுப்பவும் செய்கிறது. நல்ல கருவி வைத்திருக்கும் உங்கள் நண்பருக்கும் நீங்கள் ஒரு கிலோமீட்டரில்தான் தெரிவீர்கள்.

கேள்வி: பயணிகள் விமானத்தில் இருக்கும் டிகாஸ் கருவி "ஏறு", "இறங்கு" என்று கட்டளையே இடுகிறதாமே. அதைக் கிளைடரில் வைத்தால் என்ன?
– மாணவி, கோயம்புத்தூர்

டிகாஸ் எதிர் விமானத்தின் டிரான்ஸ்பாண்டரிடம் (கேள்வி வந்தால் தானாகப் பதில் அனுப்பும் ரேடியோவிடம்) கேள்வி கேட்டு, வரும் பதிலை வைத்துத் தூரத்தைக் கணிக்கும். நெருங்கிவிட்டால் ஒரு விமானத்தை ஏறச் சொல்லும், மற்றதை இறங்கச் சொல்லும். நிமிடத்துக்கு 1,500 அடி ஏற இன்ஜின் உள்ளவர்களுக்கு இது பொருந்தும். கிளைடரால் சொன்னபோது ஏற முடியாது. காற்று தூக்கினால்தான் ஏறும்.

கிளைடர்கள் பறக்கும் விதமும் வேறு. தெர்மல் என்னும் மேலெழும் வெப்பக்காற்றுக்குள் ஐந்தாறு கிளைடர்கள் நூறு மீட்டர் இடைவெளியில் ஒரே வட்டத்தில் சுற்றும். பயணிகள் விமானத்தின் அளவுகோலில் அது ஓயாத அபாயம். ஃபிளார்ம் உருவானதே இந்த இடைவெளியை நிரப்பத்தான். வளைந்து பறக்கும் பாதையையும் முன்கூட்டியே கணக்கிட்டு, அருகில் இருந்தாலும் மோதாத பாதைக்கு வாய் மூடியிருக்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். அது கட்டளை இடுவதில்லை. விலகும் முடிவு ஓட்டியுடையது. விலை, எடை, மின்சாரம் மூன்றிலும் டிகாஸ் கிளைடருக்கு எட்டாத தொலைவு என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: கையில் 2,500 யூரோ இருக்கிறது. டிரான்ஸ்பாண்டர் வாங்கவா, ஃபிளார்ம் வாங்கவா? இரண்டும் வாங்கப் பணம் போதாது.
– வாசகர், மியூனிக்

எதனோடு மோதும் வாய்ப்பு உங்களுக்கு அதிகம் என்பதைப் பொறுத்தது. மற்ற கிளைடரோடு என்றால் ஃபிளார்ம். ஜெட்டோடு என்றால் டிரான்ஸ்பாண்டர். பயணிகள் விமானத்தின் டிகாஸுக்கு ஃபிளார்ம் கேட்காது. டிரான்ஸ்பாண்டர் மட்டும்தான் தெரியும்.

2006 ஆகஸ்ட் 28-ல் அமெரிக்காவின் நெவாடாவில், ரீனோவை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த ஹாக்கர் 800 எக்ஸ்பி ஜெட் ஒன்று சுமார் 16,000 அடி உயரத்தில் ஒரு ஷ்லைகர் கிளைடரோடு மோதியது. கிளைடர் ஓட்டி பாராசூட்டில் குதித்துப் பிழைத்தார். மூக்கு சிதைந்த ஜெட் கார்சன் சிட்டியில் சக்கரம் இறங்காமல் வயிற்றால் தரையிறங்கியது. அதிலிருந்த ஐவரும் பிழைத்தார்கள். அந்தக் கிளைடரில் டிரான்ஸ்பாண்டர் இருந்தது. பேட்டரியை மிச்சப்படுத்த அது அணைத்து வைக்கப்பட்டிருந்தது. அமெரிக்க விதி கிளைடருக்கு டிரான்ஸ்பாண்டரிலிருந்து விலக்கு அளிக்கிறது. அந்த விலக்கை நீக்கும்படி 2008-ல் அந்நாட்டின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பரிந்துரைத்தது.

ஆகவே டிரான்ஸ்பாண்டர் வாங்குவோர் பேட்டரியையும் விலைக்குள் சேர்க்க வேண்டும். வழக்கமான 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியில் நம்பி எடுக்கக்கூடியது 5 ஆம்பியர்-மணிதான், குளிரில் இன்னும் குறைவு. ஃபிளார்முக்கு 0.2 ஆம்பியர், ரேடியோவுக்குச் சராசரியாக 0.2, வேரியோமீட்டரும் (ஏறும், இறங்கும் வேகம் காட்டும் கருவி) வழிகாட்டித் திரையும் 0.4 என்று வைத்தால் 0.8. ஆறு மணி நேரம் தாங்கும். டிரான்ஸ்பாண்டருக்கு 0.4 சேர்த்தால் 1.2, நான்கு மணி நேரம்கூடச் சந்தேகம். உங்கள் கருவிகளின் கையேட்டிலுள்ள எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள். கணக்கு இடிக்கும்போதுதான் நெவாடாவில் நடந்தது போல ஒருவர் கை சுவிட்சுக்குப் போகிறது.

10 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி இதைத் தீர்க்கும். அதற்கென்று உள்ள சார்ஜர் வேண்டும். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. இன்னொரு எச்சரிக்கை: ஈய பேட்டரி மெதுவாக வோல்டேஜ் குறைந்து முன்கூட்டியே சொல்லும், லித்தியம் கடைசிவரை 13 வோல்ட்டுக்குப் பக்கம் நின்றுவிட்டுத் திடீரென்று படுத்துவிடும். வோல்ட்மீட்டரை நம்பாமல் மணிக் கணக்கை நம்புங்கள்.

உங்கள் ஊருக்கு எங்கள் பதில்: ஆல்ப்ஸ் ஓரம் கிளைடர்கள் நெருங்கிப் பறக்கும் இடம் என்பதால் ஃபிளார்ம் முதலில், அதுவும் டிரான்ஸ்பாண்டரையும் ஏடிஎஸ்-பியையும் கேட்கும் வகை. மீதிப் பணம் நல்ல பேட்டரிக்கு. டிரான்ஸ்பாண்டர் கட்டாயமான வான்பகுதிக்குள் அடிக்கடி போக வேண்டியிருந்தால் மட்டும் இந்த வரிசை தலைகீழாகும். ஒன்றை நினைவில் வையுங்கள்: ஏடிஎஸ்-பி இல்லாத பழைய டிரான்ஸ்பாண்டரை ஃபிளார்ம் கேட்டால் 'பக்கத்தில் ஒன்று இருக்கிறது, உயரம் இவ்வளவு' என்றுதான் சொல்லும். எந்தத் திசை என்று சொல்ல அதனால் முடியாது.

கேள்வி: என் ஃபிளார்மும் நண்பருடைய ஃபிளார்மும் மற்ற எல்லோரையும் காட்டுகின்றன. எங்கள் இருவரை மட்டும் ஒருவருக்கொருவர் காட்டுவதில்லை. ஏன்?
– வாசகர், பெர்ன்

அமைப்புக் கோப்பை ஒருவரிடமிருந்து மற்றவர் எஸ்டி கார்டில் நகல் எடுத்தீர்களா? அப்படியானால் அதில் இருந்த ஆறு இலக்க விமான முகவரியும் சேர்ந்து வந்திருக்கும். தன் முகவரியிலிருந்தே வரும் செய்தியை ஃபிளார்ம் 'இது நான்தான்' என்று ஒதுக்கிவிடும். ஒரே காக்பிட்டில் இரண்டு கருவி இருந்தால் ஒன்றையொன்று பார்த்து அலறாமல் இருக்க அந்த ஏற்பாடு. இரண்டு கிளைடர்களில் அது நடந்தால் ஆபத்து. இன்றே சரிசெய்யுங்கள், அதுவரை இருவரும் ஒரே தெர்மலில் சுற்ற வேண்டாம்.

இதன் மறுபக்கமும் உண்டு. மோட் எஸ் டிரான்ஸ்பாண்டர் இருக்கும் கிளைடரில் ஃபிளார்முக்கும் அதே முகவரியைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் உங்கள் சொந்த டிரான்ஸ்பாண்டரையே தலைக்கு மேல் ஒட்டிப் பறக்கும் விமானம் என்று நினைத்து ஓயாமல் எச்சரிக்கும். விமான வகையும் 'கிளைடர்' என்று இருக்கிறதா பாருங்கள். வகை தவறினால் பாதைக் கணிப்பும் தவறும். மென்பொருளை ஆண்டுக்கு ஒருமுறையாவது புதுப்பிக்க வேண்டும். குளிர்கால ஆய்வுப் பட்டியலில் இந்த நான்கையும் சேர்த்துவிட்டால் பருவம் தொடங்கும்போது மறக்காது.

கேள்வி: போட்டியில் இருபது கிளைடர்கள் ஒரே தெர்மலில் சுற்றும்போது கருவி பீப் பீப் என்று கத்துகிறது. எரிச்சலாக இருக்கிறது. அணைத்துவிடலாமா?
– வாசகர், லியோன்

வேண்டாம். நீங்கள் அணைத்தால் மற்ற 19 பேருக்கும் மறைந்துபோகிறீர்கள். ஒலியைக் குறையுங்கள். அருகிலுள்ள எல்லோரையும் எப்போதும் காட்டும் முறையில் வைத்திருந்தால், அபாயம் வரும்போது மட்டும் காட்டும் முறைக்கு மாற்றுங்கள். பாதி எரிச்சல் அதோடு போய்விடும்.

மீதி எச்சரிக்கைகளை அலட்சியம் செய்யும் பழக்கம்தான் இந்தக் கருவியின் உண்மையான செலவு, யூரோவில் எழுத முடியாத செலவு. கூட்டத்தில் கருவி மிக அபாயமான ஒன்றை மட்டும் காட்டும், மற்றவற்றை விட்டுவிடும். அதனால் திரையில் தெரிந்த ஒருவரிடமிருந்து விலகப்போய், தெரியாத இன்னொருவர் மேல் போக வாய்ப்பு உண்டு. கூட்டத்துக்குள் சட்டென்று வெட்டித் திருப்பாதீர்கள். வட்டத்துக்கு வெளிப்பக்கம் கண்ணால் பார்த்துவிட்டு மெதுவாக வெளியேறி, பிறகு யோசியுங்கள்.

கேள்வி: போட்டியாளர்கள் என்னைப் பார்த்துப் பின்தொடராமலிருக்க மறைவு முறையைப் பயன்படுத்தலாமா? பாதுகாப்பு குறையுமா?
– வாசகர், லியோன் (அதே கடிதத்தில்)

மோதல் எச்சரிக்கை குறையாது. உங்கள் ஏறும் வேகம் போன்ற விவரங்கள்தான் மற்றவருக்கு மறையும். அதே நேரம் அவர்களுடைய விவரமும் உங்களுக்கு மறையும். போட்டி விதி அனுமதித்தால் செய்யலாம்.

ஆனால் தடத்தைப் பகிராதே என்ற இன்னொரு அமைப்பைச் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள். ஓபன் கிளைடர் நெட்வொர்க்கின் தரை நிலையங்கள் ஃபிளார்ம் அறிவிப்புகளைக் கேட்டுச் சேர்க்கின்றன. ஒருவர் திரும்பி வராத மாலையில் தேடுபவர்கள் முதலில் பார்ப்பது அந்தக் கடைசிப் புள்ளியைத்தான்.

கேள்வி: மலைப் பகுதியில் குறுக்கே போகும் கம்பிகளையும் ஃபிளார்ம் சொல்லுமா?
– வாசகர், கிரெனோபிள்

தடைகளின் தரவுத்தொகுப்பைத் தனியாக வாங்கி ஏற்றியிருந்தால் சொல்லும். கம்பி ரேடியோவில் பேசாது அல்லவா, ஆகவே கருவி தன் நினைவிலுள்ள இடங்களோடு உங்கள் பாதையை ஒப்பிடுகிறது. வைக்கோல் இறக்கவும் மரம் இறக்கவும் விவசாயிகள் தற்காலிகமாகக் கட்டும் கம்பிகள் அந்தத் தொகுப்பில் இல்லாமல் போகலாம். பழைய தொகுப்பில் புதிய கம்பி இருக்காது. மலைச்சரிவை ஒட்டிப் பறப்பவர் ஆண்டுதோறும் பருவத்துக்கு முன் இதைப் புதுப்பிக்க வேண்டும். அதோடு, அன்று பறக்கப்போகும் பள்ளத்தாக்கில் எங்கே கம்பி கட்டியிருக்கிறார்கள் என்று உள்ளூர்ச் சங்கத்தில் காலையிலேயே கேட்டு, வரைபடத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.